நடைப்பயிற்சிக்கா, நடமாட்டத்துக்கா? பெரியவர்களுக்காக நம் தெருவில் எதை முதலில் கேட்பது

"ஒரு வேலைக்குத்தான் இந்த வருடம் நிதி கிடைக்கும் என்கிறார் கவுன்சிலர். பூங்காவில் நடைத்தடம் போடலாம் என்று சிலர், பிளாட்பாரம் வேண்டும் என்று சிலர், ஸ்பீட் பிரேக்கர் போதும் என்று சிலர். எங்கள் நகரில் பாதி வீடுகளில் வயதானவர்கள்தான் இருக்கிறார்கள். எதைக் கேட்பது?"

இந்தக் கேள்வி கொஞ்ச நாளாகவே பல பேரிடமிருந்து வந்துகொண்டிருக்கிறது. சென்னை, கோவை, திருச்சி என்று ஊர் மாறுகிறது, கேள்வி ஒன்றுதான். எங்கள் நலச்சங்கத்திலும் இந்த விவாதம் இரண்டு வருடம் ஓடியது. அதில் நான் கற்றுக்கொண்டதை வைத்துத்தான் இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

நான் இருப்பது தென்சென்னையில் ஒரு பழைய குடியிருப்பு. இளம் வயதில் மனை வாங்கி வீடு கட்டியவர்கள் இன்று எழுபத்தைந்து, எண்பது வயதில் அதே வீட்டில் இருக்கிறார்கள். பிள்ளைகள் வெளியூரில். என் அம்மாவுக்கு 78. ஒருநாள் காலையில் பால் வாங்கப் போனவர், ஒரு வீட்டு வாசலில் கார் ஏறுவதற்காகப் போட்டிருந்த சறுக்கலில் கால் பிசகி விழுந்தார். மணிக்கட்டில் எலும்பு முறிவு. கட்டுப் பிரித்ததும் கை சரியாகிவிட்டது. ஆனால் தனியாக வெளியே போவதை அம்மா நிறுத்திவிட்டார். கை உடைந்ததைவிட அதுதான் எனக்குப் பெரிய பயத்தைக் கொடுத்தது.

ஒரு பெரியவரைப் பற்றி விசாரிக்கும்போது நாம் என்ன கேட்கிறோம்? "அம்மாவுக்கு நடமாட்டம் இருக்கா?" என்றுதான். பால் பூத், மருந்துக்கடை, கோயில், பஸ் ஸ்டாப், அடுத்த தெருவில் இருக்கும் சிநேகிதி வீடு, இங்கெல்லாம் யார் துணையும் இல்லாமல் போய்வர முடிந்தால் அது நடமாட்டம். நடைப்பயிற்சி வேறு. அது காலையில் ஷூ போட்டுக்கொண்டு அரைமணி நேரம் செய்வது. இரண்டும் வேண்டியவைதான். ஆனால் நடமாட்டம் போய்விட்டால் ஒருவருடைய உலகம் இரண்டு அறைக்குள் சுருங்கிவிடும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் பத்தில் ஒருவர், ஏறத்தாழ 75 லட்சம் பேர். இன்று அதைவிட அதிகம். இவர்களில் பெரும்பாலோர் முதியோர் இல்லத்தில் இல்லை, நம் தெருக்களில்தான் இருக்கிறார்கள்.

## எதை வைத்து எடை போடுவது

கூட்டத்தில் உட்கார்ந்து யோசிப்பதைவிட, ஒரு பெரியவரோடு நடந்து பார்ப்பது நல்லது. நாங்கள் ஒரு காலையில் ஐந்து பேரோடு நடந்தோம். ஒருவர் வாக்கர் வைத்திருந்தார், ஒருவருக்குக் கண்புரை. மருந்துக்கடை வரை போய்த் திரும்ப ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த நடையில் கிடைத்தவைதான் இந்த அளவுகோல்கள்.

முதலாவது, வழி எங்கே அறுந்துபோகிறது என்பது. வீட்டு வாசலிலிருந்து கடை வரை 400 மீட்டர் என்றால், அதில் 390 மீட்டர் நன்றாக இருந்து, 10 மீட்டரில் மூடி இல்லாத வடிகால் இருந்தால், அந்தப் பெரியவர் போகமாட்டார். இளைஞன் தாண்டிப் போய்விடுவான். எனவே எந்த வேலையாக இருந்தாலும் அது இந்த வழியில் அறுந்த இடத்தைச் சேர்க்கிறதா என்று கேட்க வேண்டும்.

இரண்டாவது, எத்தனை தடவை ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. முட்டி வலிக்காரருக்கு ஏறுவதைவிட இறங்குவது கடினம்.

மூன்றாவது, சாலையைக் கடப்பது. சிக்னல் கணக்குப் போடும்போது மனிதர் நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று எடுத்துக்கொள்கிறார்கள். 14 மீட்டர் சாலையை அந்த வேகத்தில் கடக்க 12 நொடி போதும். எங்களோடு வந்த பெரியவர்கள் நொடிக்கு 0.8 மீட்டர் அளவில்தான் நடந்தார்கள். அவர்களுக்குப் பதினேழரை நொடி வேண்டும். மீதி ஐந்தரை நொடி அவர்கள் நடுச்சாலையில் நிற்கிறார்கள்.

நான்காவது, உட்கார இடம், நிழல், கழிப்பறை. மூன்றையும் ஒன்றாகச் சொல்கிறேன், ஆனால் கழிப்பறையை அழுத்திச் சொல்ல வேண்டும். ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்கள், சர்க்கரை நோயாளிகள், புராஸ்டேட் தொந்தரவு உள்ள ஆண்கள் எல்லாரும் வெளியே கிளம்பும் முன் இதைத்தான் முதலில் நினைக்கிறார்கள். வெட்கத்தால் வெளியே சொல்வதில்லை. "எனக்கு வேலையில்லை, நீங்க போயிட்டு வாங்க" என்பதற்குப் பின்னால் பல நேரம் இதுதான் இருக்கிறது.

அப்புறம் பராமரிப்பு. திறந்த அன்று எப்படி இருக்கிறது என்பது பெரிய விஷயமில்லை. மூன்று மழைக்காலம் கடந்து எப்படி இருக்கும், பேவர் கல் பெயர்ந்தால் யாரிடம் சொல்வது என்று தெரிந்திருக்க வேண்டும்.

## பூங்காவில் நடைத்தடம்

எல்லாச் சங்கங்களிலும் முதலில் எழும் யோசனை இது. நியாயமும் இருக்கிறது. வாகனம் வராது, மரம் இருக்கும், பேச்சுத்துணை கிடைக்கும். நிலம் ஏற்கெனவே மாநகராட்சியுடையது, யார் வீட்டு வாசலையும் தொட வேண்டாம். அதனால் எதிர்ப்பு வராது, வேலையும் சீக்கிரம் முடியும். அரசும் இந்தப் பக்கம் அக்கறை காட்டுகிறது. 2023 நவம்பரில் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைவழி குறித்துக் கொடுத்தார்கள். நல்ல திட்டம். ஆனால் அது 8 கிலோமீட்டர் நடக்கக்கூடியவருக்கானது. 400 மீட்டர் நடப்பதே அன்றைய சாதனை என்று இருப்பவர்களைப் பற்றித்தான் இங்கே பேசுகிறோம்.

வெளியே தெரியாத செலவுகள் சில உண்டு. பூங்காவுக்குப் போகும் வழியில் பெரிய சாலை இருந்தால், அங்கே யாராவது கொண்டுபோய் விட வேண்டும். மாடும் பைக்கும் நுழையாமல் இருக்க வாசலில் வளைத்து வைக்கும் கம்பி வழியில் வாக்கரும் சக்கர நாற்காலியும் நுழையாது. எங்களோடு வந்தவர் அங்கேயே நின்றுவிட்டார். கழிப்பறை இருக்கும், பூட்டியிருக்கும். மழைக்காலத்தில் பேவர் கல்லில் பாசி பிடித்து வழுக்கும்.

எட்டு வடிவத் தடத்தில் கூழாங்கல் பதிப்பது இப்போது பரவலாக இருக்கிறது. தயவுசெய்து இதை யோசித்துச் செய்யுங்கள். நீண்ட நாள் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். கல் குத்தியது தெரியாது, புண் ஆனதும் தெரியாது. வெறுங்காலோடு நடக்காதீர்கள் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். எட்டு போட்டு நடக்கட்டும், தளம் சமமாக இருக்கட்டும்.

பூங்காதான் சரியான தேர்வு என்று சொல்லக்கூடிய இடங்களும் உண்டு. முட்டி மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வாக்கரோடு பழகுபவர்களுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. மறதி நோய் உள்ளவர்களுக்கும் அப்படித்தான். சுற்றிச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும் பாதை, ஒரே வாசல், தெரிந்த முகங்கள், இதெல்லாம் பெரிய ஆறுதல். பூங்கா 200, 300 மீட்டருக்குள் இருந்து, நடுவில் பஸ் போகும் சாலை இல்லை என்றால் தாராளமாகக் கேட்கலாம்.

## பிளாட்பாரம்

சட்டம் இன்று நம் பக்கம் இருக்கிறது. தடையில்லாத நடைபாதை அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கைத் தொடுத்தவர் கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு முறிவு அறுவை சிகிச்சை நிபுணர் எஸ். ராஜசேகரன். சாலை விபத்தில் நொறுங்கி வருபவர்களை நாள்தோறும் பார்த்த ஒரு மருத்துவர் 2012இல் தொடுத்த பொதுநல வழக்கு அது. சென்னை மாநகராட்சி அதற்கு முன்பே, 2014இல், நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை ஏற்றுக்கொண்டிருந்தது. மனு எழுதும்போது இந்த இரண்டையும் குறிப்பிடுங்கள்.

சரி, உரிமை இருக்கிறது. ஆனால் உங்கள் தெருவில் இடம் இருக்கிறதா?

குடியிருப்புப் பகுதியில் தடையில்லாமல் 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்பது சாலைகளுக்குத் தரம் வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதல். இரண்டு பக்கமும் போட்டால் 3.6 மீட்டர் போய்விடும். 20 அடித் தெருவில் மிஞ்சுவது இரண்டரை மீட்டர், ஒரு ஆம்புலன்ஸ் ஒட்டி உரசிப் போகும் அளவு. 30 அடித் தெருவில் மிஞ்சுவது ஐந்தரை மீட்டர். யாரும் கார் நிறுத்தாவிட்டால் சரிவரும். அகலத்தைக் குறைத்து 2 அடிக்குப் பிளாட்பாரம் போட்டால் அதில் பில்லர் பாக்ஸ், விளக்குக் கம்பம், டிரான்ஸ்பார்மர், மரம் எல்லாம் நிற்கும். மனிதர் சாலையில் இறங்கித்தான் நடப்பார். பணமும் போய், சாலையும் குறுகி, நடப்பவருக்கு முன்பைவிட ஆபத்து.

அடுத்தது உயரம். 150 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. ஏன் என்று ஒரு சின்னக் கணக்கு. சக்கர நாற்காலி ஏறும் சாய்தளம் ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சரிவில் இருக்க வேண்டும். 150 மில்லிமீட்டர் உயரத்துக்கு 1.8 மீட்டர் நீளச் சாய்தளம். 300 மில்லிமீட்டர் உயர்த்திவிட்டால் 3.6 மீட்டர் நீளம் வேண்டும், அதற்கு எந்தத் தெருமுனையிலும் இடம் கிடையாது. மழைநீர் வடிகாலின் மேலேயே பிளாட்பாரத்தைக் கட்டும்போது பல இடங்களில் இந்த உயரம் வந்துவிடுகிறது. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே சாலை போடுவதால், சாலை உயர, அதைப் பிடிக்கப் பிளாட்பாரமும் உயர்கிறது. சுரண்டிவிட்டுத்தான் புதிய தார் போட வேண்டும் என்று 2021இல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். உங்கள் தெருவில் வேலை நடக்கும் அன்று யாராவது நின்று அதைப் பார்க்க வேண்டும்.

அம்மா விழுந்த கதைக்கு வருகிறேன். ஒவ்வொரு வீட்டுக்காரரும் கார் உள்ளே போகப் பிளாட்பாரத்தை வெட்டிச் சறுக்கல் போடுகிறார். முப்பது அடிக்கு ஒரு வீடு என்றால் முப்பது அடிக்கு ஒரு இறக்கம், ஒரு ஏற்றம். பிளாட்பாரம் அலைபோல் ஆகிவிடும். அம்மாவைக் கேட்டால், சாலையில் நடப்பதே தேவலை என்பார். இதற்குத் தீர்வு இருக்கிறது. பிளாட்பாரம் எல்லா வாசலிலும் ஒரே மட்டத்தில் போக வேண்டும். காருக்கான சரிவு பிளாட்பாரத்தின் வெளி ஓரத்தில், சாலையை ஒட்டி மட்டும் இருக்க வேண்டும். கார்தான் ஏறி இறங்க வேண்டும், மனிதர் நேராகப் போக வேண்டும். எஸ்டிமேட் வரைபடத்தில் இது இல்லையென்றால் கட்டுபவர் தானாகச் செய்யமாட்டார்.

பிளாட்பாரக் கடைகளைப் பற்றி எனக்கு ஒரு கருத்து இருக்கிறது, சங்கத்தில் பலர் இதை ஏற்கவில்லை. கடைகளை மொத்தமாக அகற்றச் சொல்லாதீர்கள். கீரை விற்கும் அம்மாவும் பூக்காரரும் இஸ்திரி வண்டிக்காரரும் பெரியவர்களுக்கு மிக முக்கியமானவர்கள். 100 மீட்டரில் கீரை கிடைத்தால் எண்பது வயதுக்காரர் தானே போய் வாங்குவார். அவர் ஒருநாள் வரவில்லை என்றால் "எங்கே காணோம்?" என்று கேட்பவரும் அந்தக் கீரை அம்மாதான். 2014 தெருவோர வியாபாரிகள் சட்டம் அவர்களுக்கு இடம் குறித்துத் தரச் சொல்கிறது. 1.8 மீட்டரை விட்டு, அதற்கு வெளியே அவர்களுக்கு இடம் ஒதுக்கும்படி கேட்பதே சரி.

40 அடிக்கு மேல் அகலமான தெரு, பஸ்ஸோ வேனோ வேகமாகப் போகும் தெரு, பள்ளியும் கடையும் உள்ள தெரு என்றால் பிளாட்பாரத்துக்கு மாற்று இல்லை. போராடி வாங்க வேண்டும்.

## வேகம் குறைத்த தெரு

20, 24 அடித் தெருக்காரர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். பிளாட்பாரமே வேண்டாம். முழுத் தெருவும் நடப்பவருடையது, வாகனம் விருந்தாளி போல மெதுவாக வரட்டும். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் 1970களில் இப்படித்தான் தொடங்கினார்கள். நமக்கு இது புதிதும் இல்லை. மாட வீதியிலும் அக்ரகாரத்திலும் தனி நடைபாதை என்று ஒன்று என்றைக்கு இருந்தது? வண்டி மெதுவாகப் போனது, அதனால் குழந்தையும் கிழவியும் ஒரே தெருவில் நடந்தார்கள்.

எல்லாம் வேகத்தில்தான் இருக்கிறது. மணிக்கு 50 கிலோமீட்டரில் வரும் வண்டி, ஓட்டுநர் பார்த்து, பிரேக் பிடித்து நிற்க ஏறத்தாழ 28 மீட்டர் எடுக்கும். 30 கிலோமீட்டரில் வந்தால் 13 மீட்டர். மோதினாலும் 50இல் இருக்கும் ஆற்றல் 30இல் இருப்பதைப் போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. வயதான எலும்புக்கு இந்த வித்தியாசம்தான் உயிர்.

செய்ய வேண்டியது அதிகம் இல்லை. தெரு தொடங்கும் இடத்தை இருபுறமும் தொட்டி அல்லது மரம் வைத்துக் குறுக்குவது, தெருமுனையைக் கூர்மையாக்கி வண்டி வட்டமடித்துப் பாயாமல் தடுப்பது, நீளமான தெருவில் ஓரிரு இடத்தில் மேடை போல் உயர்த்துவது.

மறைந்திருக்கும் செலவு ஸ்பீட் பிரேக்கர்தான். 25 கிலோமீட்டர் வேகத்துக்கு 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம் என்று அளவு இருக்கிறது. நம் தெருக்களில் இருப்பதோ அரை மீட்டர் அகலத்தில் ஒரு தார்க்கட்டி, இல்லையென்றால் ஆணி பெயர்ந்த ரப்பர் பட்டை. முதுகெலும்பு தேய்ந்தவர் ஆட்டோவில் அதன் மேல் போகும்போது படும் வலியைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். மேடையின் சரிவு நீளமாக இருக்க வேண்டும், மேலே கோடு பளிச்சென்று தெரிய வேண்டும். அதே மேடையைத் தெருமுனையில் வைத்தால் கடக்கும் இடமாகவும் ஆகும்.

ஒருவழித் தெருவாக மாற்றுங்கள் என்று கேட்பவர்களும் உண்டு. அவசரப்படாதீர்கள். எதிரே வண்டி வராது என்று தெரிந்தால் பைக்குகள் இன்னும் வேகமாக வரும். பெரியவர்கள் ஒரு பக்கம் மட்டும் பார்த்துவிட்டு இறங்குவார்கள், அப்போது தவறான திசையில் ஒரு பைக் வரும்.

பக்கத்துப் பெரிய சாலையில் நெரிசல் வரும்போது உங்கள் தெருவைக் குறுக்குவழியாக வண்டிகள் பயன்படுத்துகின்றன என்றால், இந்த ஏற்பாடு மட்டும் போதாது. அந்தக் குறுக்குவழியை அடைக்காமல் எதைச் செய்தாலும் பலன் இல்லை.

## சாலையைக் கடக்கும் இடம்

நான்கு பேர் நான்கு விதமாகச் சொன்ன கூட்டத்தில் இதை யாருமே சொல்லவில்லை. எங்கள் ஐந்து பெரியவர்களோடு நடந்தபோதுதான் புரிந்தது. தெருவுக்குள் எப்படியோ சமாளித்துவிட்டார்கள். பஸ் போகும் சாலை வந்ததும் ஐவரும் நின்றுவிட்டார்கள். மருந்துக்கடை எதிர்ப்பக்கம்.

சென்னையில் 60 வயதைத் தாண்டியவர்களுக்கு மாதம் 10 பயணத்துக்கு மாநகர பஸ்ஸில் இலவச டோக்கன் இருக்கிறது. பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் பயணம் இலவசம். தாழ்தளப் பஸ்களும் 2024இலிருந்து மறுபடி வருகின்றன. இவ்வளவும் எதிர்ப்பக்க பஸ் ஸ்டாப்பில் காத்திருக்கின்றன. அங்கே போய்ச் சேர 14 மீட்டரைத்தான் கடக்க முடியவில்லை.

உடனே வரும் பதில் நடைமேம்பாலம். இரண்டு பக்கமும் படி, லிஃப்ட் இருந்தால் அதற்கு மின்சாரம், காவலாளி, பழுது பார்க்க ஒப்பந்தம். தியாகராய நகரில் பஸ் நிலையத்தையும் மாம்பலம் ரயில் நிலையத்தையும் இணைத்து 2023 மே மாதம் திறந்த ஆகாய நடைபாதை பயன்படுகிறது, ஏனென்றால் அது இரண்டு நிலையங்களைச் சேர்க்கிறது, லிஃப்டும் இருக்கிறது. ஒரு குடியிருப்புச் சாலையில் எதிர்ப்பக்க மருந்துக்கடைக்குப் போக மேம்பாலம் கட்டினால் பெரியவர் ஏறமாட்டார். நடந்துபோகிறவரை மேலே அனுப்பிவிட்டு வண்டியை வேகமாக விடும் ஏற்பாடாகவே அது முடியும்.

கேட்க வேண்டியது தரைமட்டக் கடவை. மூன்று விஷயம் இருந்தால் போதும். பிளாட்பார உயரத்துக்கு உயர்த்திய ஜீப்ரா, அதனால் வண்டி வேகம் குறையும், நடப்பவர் இறங்கி ஏற வேண்டாம். சாலை நடுவே பிரிக்கும் மீடியனில் ஒருவர் வாக்கரோடு பத்திரமாக நிற்கும் அளவுக்கு ஓர் இடைவெளி. அதனால் 14 மீட்டர் ஏழும் ஏழுமாகப் பிரியும், ஒரு தடவைக்கு ஒரு பக்கம் பார்த்தால் போதும். மூன்றாவது, சிக்னல் இருந்தால் அதில் நடப்பவருக்குக் கூடுதல் நொடிகள்.

சிங்கப்பூரில் இதை முறைப்படி செய்திருக்கிறார்கள். அங்கே இருக்கும் உறவினர்களைப் பார்க்கப் போனவர்கள் கவனித்திருக்கலாம். 2009இலிருந்து சில சிக்னல்களில் மூத்தவர் தன் சலுகை அட்டையைக் கம்பத்தில் காட்டினால் பச்சை மனிதன் சில நொடிகள் கூடுதலாக நிற்கும். 2014இலிருந்து முதியோர் அதிகம் வாழும் பகுதிகளை வெள்ளி வட்டாரம் என்று குறித்து, சாலையைக் குறுக்கி, வேக வரம்பைக் குறைத்து, நடுவில் நின்று இரண்டு கட்டமாகக் கடக்க வழி செய்கிறார்கள். அட்டை வாசிக்கும் கருவி நமக்கு இப்போதே வேண்டும் என்று சொல்லவில்லை. மீடியனில் இடைவெளியும் உயர்த்திய ஜீப்ராவும் வெறும் கல்லும் சிமெண்டும்தான்.

இதில் சிரமம் பணம் இல்லை, கதவுகள். பஸ் சாலை பல இடங்களில் மாநகராட்சியுடையது இல்லை, நெடுஞ்சாலைத் துறையுடையது. சிக்னல் போக்குவரத்து போலீஸ் கையில். மூன்று அலுவலகம் ஏற வேண்டும். வருடக்கணக்கில் இழுக்கும் என்று தெரிந்தே தொடங்க வேண்டும்.

## கடைத்தெருவை நடைவீதியாக்குவது

இது ஒரு தெருச் சங்கத்தின் கைக்கு எட்டாதது, அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் அகலமான நடைபாதையும் இருக்கைகளும் திறந்தார்கள். சுமார் 40 கோடி ரூபாய் திட்டம். வாகனத்தை முழுவதுமாக நிறுத்தவில்லை, இடத்தைத்தான் நடப்பவருக்கு மாற்றிக் கொடுத்தார்கள். சாயங்காலம் போய்ப் பாருங்கள், எத்தனை பெரியவர்கள் வெறுமனே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று. மதுரையில் மீனாட்சி கோயிலைச் சுற்றிய சித்திரை வீதிகளில் வண்டி வராததால் கைத்தடியோடும் ஒருவர் நிதானமாகச் சுற்றி வரலாம். குறை ஒன்றுதான். வீதிக்குள் சுகம், வீதி வரை வந்து சேர வழியில்லை என்றால் வெளியூர்க்காரருக்குத்தான் பயன். உங்கள் பகுதியின் கோயில் வீதியோ சந்தைத் தெருவோ வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் இருந்தால், பல சங்கங்கள் சேர்ந்து கேட்கலாம்.

## ஒரே பார்வையில்

| | பூங்கா நடைத்தடம் | பிளாட்பாரம் | வேகம் குறைத்த தெரு | கடக்கும் இடம் | நடைவீதி |
|---|---|---|---|---|---|
| எதற்கு உதவும் | பயிற்சி, பேச்சுத்துணை | அன்றாட நடமாட்டம் | அன்றாட நடமாட்டம் | கடை, பஸ், மருத்துவமனை | கடை, பொழுதுபோக்கு |
| பொருந்தும் இடம் | 300 மீட்டருக்குள், நடுவில் பெரிய சாலை இல்லாமல் | 40 அடிக்கு மேல் | 20 முதல் 30 அடி | பஸ் போகும் சாலை | கோயில் வீதி, சந்தை |
| மறைவான செலவு | போய்ச் சேரும் வழி, பூட்டிய கழிப்பறை | வாசல் சறுக்கல், கம்பங்கள், உயரம் | மோசமான ஸ்பீட் பிரேக்கர் | பல துறை அலைச்சல் | வீதி வரை வந்து சேருவது |
| எதிர்ப்பு | இல்லை | வாசல் வைத்திருப்பவர்கள் | கார் நிறுத்துபவர்கள் | பெரும்பாலும் இல்லை | கடைக்காரர்கள் |
| யாரிடம் போவது | மாநகராட்சி | மாநகராட்சி | மாநகராட்சி, போக்குவரத்து போலீஸ் | நெடுஞ்சாலைத் துறை, போக்குவரத்து போலீஸ், மாநகராட்சி | எல்லாரும் |

## எதை எடுத்தாலும் கூடவே கேட்க வேண்டியது

இருக்கை. 100 மீட்டருக்கு ஒன்று, சாய்மானமும் கைப்பிடியும் வைத்து. கைப்பிடி இல்லாத சிமெண்டுப் பலகையில் உட்கார்ந்தால் முட்டிவலிக்காரருக்கு எழுந்திருக்க முடியாது. ஒரு காலத்தில் இந்தக் கவலையே இல்லை, வீட்டுக்கு வீடு திண்ணை இருந்தது. வழிப்போக்கர் யாரையும் கேட்காமல் உட்கார்ந்தார். திண்ணையை இடித்துச் சுற்றுச்சுவர் எழுப்பியபோது தெருவில் உட்காரும் இடமும் போய்விட்டது.

நிழலுக்குப் புங்கையோ வேம்போ வைக்கச் சொல்லுங்கள். 2016 டிசம்பரில் வர்தா புயலில் சென்னைத் தெருக்கள் இழந்த மரங்களுக்குப் பதில் இன்னும் பல இடத்தில் எதுவும் வளரவில்லை. தெருநாய் பயத்தையும் யாரும் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். கைத்தடி பாதி நேரம் அதற்காகத்தான். நாய்களுக்குக் கருத்தடை, தடுப்பூசி வேலைக்குத் தனியாக ஒரு மனு கொடுங்கள், இந்த நிதியோடு கலக்காதீர்கள்.

பணம் குறைவாக இருக்கிறது என்றால் 'நமக்கு நாமே' திட்டம் இருக்கிறது, வேலைச் செலவில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசு தரும். ஆனால் பணம் கட்டும் முன் எஸ்டிமேட்டின் வரைபடத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். வார்டு ஏ.இ. (உதவிப் பொறியாளர்) காட்டத் தயாராகத்தான் இருப்பார். பிளாட்பாரத்தின் உயரம் எத்தனை மில்லிமீட்டர், வாசல்களில் மட்டம் மாறாமல் போகிறதா, தெருமுனையில் சாய்தளம் எவ்வளவு நீளம், மேன்ஹோல் மூடி தளத்தோடு சமமா என்ற நான்கையும் கேளுங்கள். டெண்டர் போன பிறகு ஒரு கல்லைக்கூட மாற்றுவது கடினம்.

எங்கள் தெரு 24 அடி. பூங்காவைக் கேட்டவர்களும் பிளாட்பாரத்தைக் கேட்டவர்களும் அந்த ஒரு காலை நடைக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மனம் மாறினார்கள். வேகம் குறைக்கும் வேலைக்கு நிதி வாங்கினோம், பஸ் சாலைக் கடவைக்கு மனு கொடுத்தோம். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் தன் சுற்றுச்சுவரை மூன்றடி உள்ளே தள்ளிக் கட்டி, வெளியே ஒரு இருக்கைக்கு இடம் விட்டார். அதற்குத் திண்ணை என்றே பெயர் வந்துவிட்டது.

அம்மா இப்போது மறுபடி தனியாகப் பால் பூத் வரை போகிறார், திரும்பும்போது அந்தத் திண்ணையில் கொஞ்ச நேரம் உட்காருகிறார். மருந்துக்கடைக்கு மட்டும் இன்னும் நான் கூடப் போக வேண்டியிருக்கிறது. கடவைக்கான கோப்பு இரண்டாவது அலுவலகத்தில் இருக்கிறது. அடுத்த வாரம் மறுபடி போய்க் கேட்க வேண்டும்.